இருந்ததாகக் கருதப்படும் தறிக்குழி

1

இக்குறிப்பை எழுதியே ஆக வேண்டிய நிலை எனக்கு வந்துவிட்டது. ஜலகண்டாபுரத்தில், எங்கள் தெருவில், என்னைப் பற்றி இப்போது மூன்று கதைகள் வழங்குகின்றன. சீமையிலிருந்து வந்த வாத்தியார் வீட்டுக்குள் குழி தோண்டிப் புதையல் எடுத்துச் சென்றார் என்பது ஒன்று. தங்கையை வெளியேற்றிவிட்டு வீட்டை விடுதியாக்கப் பார்த்தார் என்பது மற்றொன்று. முதுமையால் அறிவு தடுமாறி, தோண்டச் சொன்ன குழியைத் தாமே மூடச் சொன்னார் என்பது மூன்றாவது. மூன்றாவதில் நிகழ்ச்சிகள் சரி, காரணம் பிழை.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் பயிற்றியவன். மனைவி மறைந்த பிறகு இங்கிலாந்தில் மகள் கயல்விழியோடு வாழ்கிறேன். கண்டதைக் கண்டேன் என்றும், ஐயுற்றதை ஐயுற்றேன் என்றும் பிரித்தே எழுதுகிறேன். இரண்டாவது வகை சற்று மிகுதியாக இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

2

மகளின் வீடு நாட்டின் வடபகுதியில், மழை ஓயாத ஒரு சிற்றூரில் உள்ளது. நீண்ட செங்கல் வரிசையில் ஒரு வீடு. அத்தெரு முழுவதும் பழமை மாறாமல் காக்கப்பட வேண்டிய பகுதி என்று அவ்வூர் நகராட்சி அறிவித்திருக்கிறது. தெருவை நோக்கிய சாளரத்தின் மரச்சட்டம் உளுத்துப்போகவே, மகள் அதைப் பெயர்த்துவிட்டு நெகிழிச் சட்டமிட்ட புதிய சாளரம் ஒன்றைப் பொருத்தினாள். குளிர் உள்ளே வருவது நின்றது. ஆனால் விரைவிலேயே நகராட்சியிலிருந்து ஓர் அம்மையார் வந்து வாயிலில் நின்றார். எவரோ முறையிட்டிருக்கிறார்கள். எதிர்ப்புறத்தில் நாயோடு உலவும் முதியவர்தாம் என்பது என் ஐயம். மெய்ப்பிக்க இயலவில்லை.

அம்மையார் புதிய சட்டத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வீட்டின் காலத்துக்கு இது பொருந்தாது என்றார். மரம் வேண்டும், மேலும் கீழும் நகரும் இரு கதவுகள் வேண்டும், கண்ணாடிகளுக்கிடையே உள்ள சட்டம் மெல்லியதாக இருக்க வேண்டும். பிறகு மாடிக்கு ஏறினார். நாங்கள் அனைவரும் வீட்டோடு பிறந்தது என்று நம்பியிருந்த மாடிச் சாளரத்தையும் தடவிப் பார்த்து, இதுவும் பிற்காலத்தது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

மகளுக்குச் சினம். எனக்கோ வியப்பு. அம்மையாரைப் பாராட்ட விரும்பி, தாங்கள் எதையும் ஐயுற்று ஆராய்பவர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு தொடர் சொன்னேன். அவர் முகம் இறுகியது. மகள் விரைந்து தேநீர் கொண்டுவந்து ஏதோ சொல்லி நிலைமையைச் சரிசெய்தாள். அவர் சென்றபின் என்னிடம், "அப்பா, அவங்களைச் சந்தேகப் பேய்னு சொல்லியிருக்கீங்க. இனிமே ஆபீசர் யாராவது வந்தா நீங்க மாடியிலேயே இருங்க" என்றாள்.

அன்றோடு என் கண் கெட்டுவிட்டது. எதைக் கண்டாலும் இது மூலமா, பின்னர்ச் சேர்த்ததா என்றே கேட்கத் தோன்றியது. அந்தக் கண்ணோடுதான் ஊரிலிருந்து வந்த ஒளிப்படங்களைப் பார்த்தேன்.

3

ஜலகண்டாபுரத்து வீடு எனக்கும் என் தங்கை அமிர்தத்துக்கும் பொதுவானது. கணவரை இழந்தபின் அவள் அங்கே தனியாக வாழ்கிறாள். அவளுடைய மகன் செந்தில் துண்டு, துவாலை வணிகம் செய்பவன். சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில், பளிங்கும் கண்ணாடியுமான அடுக்ககத்தில் குடியிருக்கிறான். சென்ற மழையில் ஓடு ஒழுகியதால் அவன் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கினான். நான் கைப்பேசியில் அழைத்து, பழைய வீட்டைப் பழைய முறைப்படியே புதுக்க வேண்டும், காலத்துக்குப் பொருந்தாத எதையும் சேர்க்கக் கூடாது என்று விரிவாக எடுத்துரைத்தேன். அவன் மறுப்பின்றி, "அப்படியே பண்ணிரலாமுங்க மாமா" என்றான். அத்தனை எளிதில் இசைந்ததே எனக்கு முதல் ஐயம். தன் அடுக்ககத்தில் மரத்தாலான ஒரு பொருளும் இல்லாதவனுக்குச் சுண்ணாம்புச் சாந்தின் மேல் திடீரென்று ஏன் இத்தனை பற்று?

முதல் ஒளிப்படத்தில் நான்கு கருந்தூண்கள் முன்கூடத்தில் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் பூவேலைப்பாடு.

"செந்தில், இந்தத் தூணெல்லாம் எங்கிருந்து வந்தது?"

"ஒரிஜினல் பழைய தூணுங்க மாமா. காரைக்குடிப் பக்கம் ஒரு ஊட்டப் பிரிச்சாங்க. லாரி போட்டுக் கொண்டாந்துட்டேனுங்க."

"நம்ம வீட்டில் தூண் எப்போது இருந்தது?"

"இல்லீங்க."

"பிறகு?"

"பழைய ஊடுன்னா தூண் இருக்கோணுமில்லீங்களா? பாக்கறவிய என்ன சொல்லுவாங்க?"

எங்களுடையது நெசவாளர் வீடு. பனைமரக் கைமரங்களின் மேல் நாட்டு ஓடு; மண்சுவர்; மேலே சுண்ணாம்பு. தூண் நிறுத்துமளவுக்கு அங்கே அகலமும் இல்லை, செல்வமும் இருந்ததில்லை. தூண்களை அகற்றச் சொன்னேன். அகற்றினான். அவை இப்போது அவனுடைய துண்டுக் கடையின் வாயிலில் நிற்கின்றன என்று பின்னர் அறிந்தேன்.

அடுத்துக் கதவு. பழைய கதவின் அடிப்பலகை மட்கியிருந்தது. அதைச் செப்பனிட அவன் நாமக்கல்லிலிருந்து லாரிக்குக் கூடு கட்டும் தச்சரை அழைத்துவந்திருக்கிறான். அவர் தமக்குத் தெரிந்த வகையில் செய்திருக்கிறார். கதவின் நாற்புறமும் இரும்புப் பட்டை, பட்டை நெடுகத் திருகாணிகள், ஓரத்தில் மஞ்சள் கோடு. நடுவில் ஒரு தாமரை.

"நூறு வருசத்துக்கு ஆடாதுங்க மாமா" என்றான் செந்தில்.

"அது சாலையில் ஓடப்போவதில்லையே அப்பா" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. மஞ்சள் கோட்டையும் தாமரையையும் சுரண்டச் சொன்னேன். திருகாணிகளைக் கழற்ற முடியாது என்று தச்சர் கையை விரித்துவிட்டாராம்.

4

குழி என்ற எண்ணம் வந்தது என் பேத்தியால். அவள் ஆங்கிலத்தில்தான் மறுமொழி சொல்வாள். என் ஊர் அவளுக்கு ஒரு பள்ளிப் பாடவேலை. பழைய வீடு ஒன்றைப் படம் வரைந்து வரும்படி ஆசிரியர் சொல்லியிருந்தார். நான் எங்கள் வீட்டை விவரித்தேன். முன்கூடத்தின் தரையில் ஒரு குழி. குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, மிதிகட்டைகளை மிதித்தவாறு என் தந்தை தறி நெய்வார் என்றேன். அவள் வரைந்த படத்தில் ஒரு மனிதர் இடுப்புவரை தரைக்குள் இருந்தார். எதற்காக அவரைப் புதைத்தார்கள் என்று கேட்டாள்.

அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் காலத்துக்குப் பொருந்திய ஒன்று உண்டென்றால் அது அந்தக் குழியே என்று எனக்குத் தோன்றியது. விசைத்தறி வந்தபோது மூடியிருப்பார்கள். மேலே சிமெண்டு பூசப்பட்டிருக்கும். அதை மீண்டும் திறந்துவைக்கும்படி செந்திலுக்குச் சொன்னேன்.

அதன் பிறகு அவனிடமிருந்து ஓடு வந்தது, சுவர் வந்தது, அடுக்களைப் புகைபோக்கி வந்தது. முன்கூடத்தின் ஒளிப்படம் மட்டும் வரவில்லை. கேட்டால், "வேலை நடக்குதுங்க மாமா" என்பான். எதையோ மறைக்கிறான் என்று உறுதியாக நம்பினேன். மலைப்பக்கங்களில் பழைய வீடுகளை விருந்தினர் தங்கும் விடுதிகளாக மாற்றிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தங்கையை அழைத்தேன்.

"ஏனுங்ணா, சாப்டாச்சுங்களா?"

"ஆச்சு. உன் மகன் முன்கூடத்தை மட்டும் ஏன் காட்ட மாட்டேங்கிறான்?"

"அத அவனையே கேளுங்க. நீங்க எனக்கொண்ணு சொல்லுங்க. குழி எதுக்குங்ணா உங்களுக்கு?"

"அப்பா உட்கார்ந்து நெய்த இடமம்மா அது."

"ஊருக்குள்ள அப்படிச் சொல்லலீங்ணா. சீமைல இருக்கறவரு எதுக்கு நடு ஊட்டத் தோண்டச் சொல்றாருன்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க. எதுத்தூட்டு ராசாமணி மோர் வாங்கற சாக்குல வந்து, தரையக் காலால தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போறா."

"நீ என்ன சொன்னாய்?"

"மோர் இல்லைன்னு சொன்னன்."

பிறகு அவள் குரல் தாழ்ந்தது. நீரிழிவால் அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லக் கேட்டது அன்றுதான்.

"இந்த ஊட்ட நான் இப்பக் காலாலதானுங்ணா பாக்கறன். எங்க மேடு, எங்க பள்ளம்னு காலுக்குத் தெரியும். நட்ட நடுவுல குழிய வெச்சுட்டீங்கன்னா நான் எங்க நடக்கறது? நேராச் சொல்லிப்போடுங்க. என்னைய ஃபேர்லேண்ட்ஸுக்கு ஓட்டறதுக்குத்தான் மாமனும் மருமவனும் சேந்து இந்த வேலை பண்றீங்களா?"

அப்படி இல்லவே இல்லை என்று உறுதி கூறினேன். அழைப்பை முடித்ததும், இச்சொற்களை அவளுக்கு எவர் கற்பித்திருப்பார் என்று எண்ணத் தொடங்கினேன். செந்திலை அழைத்தேன். அவன் சிறிது தயங்கிவிட்டு, "கோவிச்சுக்காதீங்க மாமா. தாத்தா உங்ககிட்ட மட்டும் ஏதாச்சும் சொல்லிட்டுப் போனாருங்களா?" என்று கேட்டான்.

"எதைப் பற்றி?"

"அந்த எடத்தப் பத்திங்க."

ஆக, நான் அவனை ஐயுற்றேன். அவன் என்னை ஐயுற்றான். அவள் எங்கள் இருவரையும் ஐயுற்றாள். எவருக்கும் அறிவிக்காமல் பயணச்சீட்டு எடுத்துப் புறப்பட்டேன். கயல்விழி, "இது விசாரணைக்குப் போற மாதிரி இருக்கு, ஊருக்குப் போற மாதிரி இல்லை" என்றாள். அவள் சொன்னது தவறன்று.

5

சேலத்திலிருந்து தாரமங்கலம் வழியாக ஊருக்குள் வண்டி நுழைந்தபோது வெயில் ஏறியிருந்தது. கதவின் திருகாணிகள் தொலைவிலிருந்தே மின்னின. செந்தில் அப்போது அங்கேதான் இருந்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது. என் ஐயம் மெய்யாயிற்று என்று நினைத்தேன். "ஐயோ மாமா, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்களே. முழுசா முடிச்சுட்டு உங்களை அசத்தோணும்னு இருந்தனுங்க" என்றான்.

முன்கூடத்தில் குழி இருந்தது. நீள்சதுரம், விளிம்புகள் கூர்மை. அதன் மேல் தடித்த கண்ணாடிப் பலகை. உள்ளே நான்கு மூலைகளிலும் விளக்குகள் எரிந்தன. நகைக்கடையில் ஒட்டியாணம் வைக்கும் பெட்டியைப் போன்று தரை ஒளிர்ந்தது.

மண்டியிட்டுப் பார்த்தேன். என் நினைவில் தந்தைக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும். இங்கே வலப்பக்கத்திலிருந்து விழுந்தது. தறியின் கால்கள் ஊன்றியிருந்த துளைகள் எங்கும் இல்லை. பக்கங்களில் கடப்பாறைத் தழும்புகள் புத்தம் புதியவை. கொத்தனார் பழனியை அழைத்தேன்.

"இது பழைய குழியைத் தூர்வாரியதா, புதிதாகத் தோண்டியதா?"

அவர் செந்திலைப் பார்த்தார். செந்தில் கூரையைப் பார்த்தான்.

"குழிதானுங்க சாமி."

"அதைத்தான் கேட்கிறேன்."

"எடம் எதுன்னு ஒருத்தருக்கும் தெரியலீங்க. இங்க கடப்பாறை எளக்கமா எறங்குச்சுங்க. வெளிச்சமும் நல்லா இருந்துச்சுங்க. சரி இதாத்தான் இருக்குமின்னு..."

"அம்மாகிட்டக் கேட்டேனுங்க மாமா. தெரியாதுன்னுட்டாங்க" என்றான் செந்தில்.

தெரியாமல் இருக்க வழியில்லை. பிறந்தது முதல் இவ்வூரை விட்டு அகலாதவள் அவள். தெரிந்தே மறைக்கிறாள் என்று எண்ணினேன். அப்போது அவள் அடுக்களையிலிருந்து காப்பி கொண்டுவந்தாள். வலக்கையில் குவளை, இடக்கை சுவரைத் தடவியபடி வந்தது. கண்ணாடியின் விளிம்பைக் கால் பெருவிரல் தொட்டதும் நின்றுவிட்டாள். மறுபுறம் நான். நடுவில் அந்த ஒளி.

"எட்டி வாங்கிக்குங்ணா" என்று கையை நீட்டினாள்.

நானும் கையை நீட்டினேன். எட்டவில்லை. கண்ணாடி மேல் கால் வைக்க எனக்கும் மனம் துணியவில்லை.

"ஆனை நின்னாலும் தாங்குமுங்க" என்று செந்தில் அதன் நடுவில் ஏறி நின்று இரண்டு முறை குதித்துக் காட்டினான்.

"நீ ஆனைய வெச்சுக் கூத்துக் காட்டு. நான் செவுத்தோரமாவே போய்க்கறன்" என்றாள் அவள். குவளை அவன் கைக்கு மாறி என்னிடம் வந்தது.

கண்ணாடி போட்டது முதல் அவள் முன்வாயிலுக்கு வருவதில்லை என்பதைக் கொத்தனார் சொல்லித்தான் அறிந்தேன். பால்காரரிடமும் காய்க்காரியிடமும் பேசப் பின்சந்து வழியாகச் சுற்றிப் போகிறாள். அடுக்களை ஓரத்தில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே என்ன என்று கேட்டேன்.

"ரெண்டு சீலை, மாத்திரை. ஃபேர்லேண்ட்ஸ்ல போடறதுக்கு. ஊடு முடிஞ்சா எப்படியும் போகச் சொல்லுவீங்க. கடைசி நேரத்துல தேடிக்கிட்டிருக்கக் கூடாது பாருங்க."

அவள் இதை வருத்தத்தோடு சொல்லவில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவள் பேசுவதுபோல் சொன்னாள்.

அங்கேயே செந்திலிடம் குழியை மூடச் சொன்னேன்.

"மாமா, நீங்க கேட்டீங்கன்னுதானுங்களே நான்... கண்ணாடிக்கு அளவெடுத்து, லைட்டெல்லாம் போட்டு..." என்று இழுத்தான். விடுதி பற்றிய என் ஐயத்தை அப்போதுதான் நேரே கேட்டேன். அவன் என்னை வெறித்துப் பார்த்தான். "இந்தத் தெருவுல ராத்திரியும் பகலும் தறிச் சத்தம். இங்க யாருங்க மாமா வந்து தங்குவா? அம்மா என்னோட வர மாட்டேங்குது. ஓடு ஒழுகுது. சரி பண்ணித்தான ஆவோணும்? பழசு மாதிரியே வேணும்னு நீங்க சொன்னீங்க. மாமாவுக்குப் புடிக்கோணும்னு பண்ணினனுங்க."

அதை நம்பினேன். பெரும்பாலும் நம்பினேன் என்று எழுதுவதே நேர்மை.

குழியில் மண் கொட்டி, நீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கினார்கள். மேல்தளத்துக்குச் சுண்ணாம்புக் காரையே இட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை முந்திக்கொண்டாள். "சிமிட்டி போடுங்க பழனி. வழுவழுன்னு இழைச்சு உடுங்க. கால்ல எதுவும் தட்டக் கூடாது." சிமெண்டே போடப்பட்டது. நகராட்சி அம்மையார் பார்த்திருந்தால் ஒப்புதல் தந்திருக்க மாட்டார்.

6

தரை காய்ந்த அன்று மாலை அவள் அடுக்களையிலிருந்து புறப்பட்டு, சுவரைத் தொடாமல், கூடத்தின் நடுவே நடந்து முன்வாயிலுக்கு வந்தாள். நடுவில் ஓரிடத்தில் நின்று பாதத்தால் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள். வாயிலில் நின்று ராசாமணியிடம், மோர் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள் என்று குரல் கொடுத்தாள். பிறகு என்னருகில் வந்து அமர்ந்து, இயல்பாகச் சொன்னாள்:

"அப்பாவுக்கு இந்த ஊட்டுல ஏதுங்ணா குழித்தறி?"

"என்ன சொல்கிறாய்?"

"கூலிக்குத்தானுங்ணா நெய்வாரு. மேவறத்து ஊட்டுக் கூடத்துல, அவங்க தறியில. நம்மூட்டுக்குத் தறின்னு வந்ததே கரண்டுத் தறிதான். அதுக்குள்ள நீங்க சின்ன வயசுலயே சேலத்துக்குப் படிக்கப் போயிட்டீங்க."

"அப்பா குழியில் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்."

"பாத்திருப்பீங்க. அது அவங்க ஊடு."

"இதை ஏன் முன்னமே சொல்லவில்லை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களாக்கும்? குழி வேண்டாங்கறதுக்குக் கதை கட்டறான்னு நெனச்சிருப்பீங்க."

உண்மை. நினைத்திருப்பேன். இப்போதும் அவ்வாறே நினைக்கிறேன், நாளில் பாதி நேரம். அவள் என்னைவிட இளையவள். நான் சொல்லும் காலத்தில் அவள் தொட்டிலில் இருந்திருப்பாள்; அவளுக்கும் இது கேள்விச் செய்தியே. மேற்குப்புறத்து வீடு இடிக்கப்பட்டு நூல் கிடங்காகிவிட்டது. அவ்வீட்டார் ஈரோட்டுப் பக்கம் போய்விட்டார்கள். கேட்டறிய அங்கே சுவரும் இல்லை, ஆளும் இல்லை.

மறுபாதி நேரம் வேறொன்று நினைவுக்கு வருகிறது. சிறுவனான நான் மூடியிட்ட தூக்குப்போசியில் தந்தைக்குச் சோறு கொண்டு போகிறேன். கைப்பிடி சுடுகிறது. வெயிலில் வெறுங்காலோடு விரைகிறேன். ஒரே வீட்டுக்குள் அடுக்களையிலிருந்து முன்கூடத்துக்குச் சோறு கொண்டு போக எவரும் தூக்குப்போசியைத் தேட மாட்டார்கள். இடையில் வெயிலும் இராது. ஆனால் இந்த நினைவு என்னுள் முன்பே இருந்ததா, தங்கை சொன்ன பிறகு முளைத்ததா என்பதை என்னால் உறுதியாகக் கூற இயலவில்லை. நகம் வைத்துச் சுரண்டிப் பார்க்க அது சாளரச் சட்டமாகவும் இல்லை.

இக்குறிப்பைப் படிப்போருள் அத்தெருவின் பழைய குடும்பத்தினர் இருக்கக்கூடும். எந்த வீட்டில் எவர் தறி இருந்தது என்று பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பவர்கள் இருக்கக்கூடும். ஓடு, சுண்ணாம்பு, கதவு ஆகியவை குறித்து நான் எழுதியவற்றில் பிழை காண்பவர்கள் தயங்காது சுட்ட வேண்டும். என் தந்தை எந்தக் கூடத்தில் அமர்ந்து நெய்தார் என்று அறிந்தவர்களும் திருத்துக. எத்தனை கசப்பான திருத்தமாயினும் ஏற்பேன். ஆனால் அதை எனக்கு மட்டும் எழுதுங்கள். வீட்டுக்குச் சென்று என் தங்கையைக் கேட்க வேண்டா. அவள் அப்போது கூடத்தின் நடுவே நடந்துகொண்டிருப்பாள்.